அடலிமுமாப் ஊசி: க்ரோன்ஸ் நோயுள்ள இளைஞர்களுக்கு எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

இரண்டு வாரத்துக்கு ஓர் ஊசி. வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். பதினெட்டு, இருபது வயதில் க்ரோன்ஸ் நோய் என்று தெரிந்து, ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் உப்பி, வகுப்பு நடக்கும்போதே நாலு தடவை கழிவறைக்கு எழுந்து ஓடும் பிள்ளைக்கு, நம் ஊரில் கிடைக்கும் மருந்துகளில் அடலிமுமாப் அளவுக்குக் கைகொடுப்பவை குறைவு. மருந்து நல்ல மருந்துதான். அதை வாங்கும் கடை, வைக்கும் ஃபிரிட்ஜ், முதல் ஊசிக்கு முன்னால் முடிக்க வேண்டிய பரிசோதனைகள், இங்கேதான் பல வீடுகளில் கோட்டை விடுகிறார்கள். அதனால் இந்த விமர்சனத்தில் அவற்றுக்கே அதிக இடம்.

முதலில் மருந்தைப் பற்றிச் சுருக்கமாக. க்ரோன்ஸ் நோயில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்தக் குடலையே தாக்குகிறது. அந்தத் தாக்குதலைத் தூண்டிவிடும் புரதங்களில் ஒன்று டிஎன்எஃப். அடலிமுமாப் அதைப் பிடித்துச் செயலிழக்க வைக்கும். இதன் மூல பிராண்டான ஹுமிரா அமெரிக்காவில் 2002 கடைசியில் மூட்டுவாதத்துக்கு அனுமதி பெற்றது. 2007இல் க்ரோன்ஸ் நோய்க்கும், 2014இல் ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளின் க்ரோன்ஸ் நோய்க்கும் அனுமதி விரிந்தது. அதே 2014 டிசம்பரில் சைடஸ் நிறுவனம் எக்ஸெம்ப்ஷியா என்ற பெயரில் இதன் பயோசிமிலரை, அதாவது மூல மருந்தை ஒத்த மாற்று மருந்தை, இந்தியாவில் இறக்கியது. உலகிலேயே விற்பனைக்கு வந்த முதல் அடலிமுமாப் பயோசிமிலர் அதுதான். அதற்குப் பின் டொரண்டின் அட்ஃப்ரார் உட்பட இன்னும் சில பிராண்டுகள் வந்துவிட்டன. போட்டி வந்ததால்தான் நடுத்தரக் குடும்பம் இந்த மருந்தை யோசித்தாவது பார்க்க முடிகிறது.

இனி முக்கியமான விஷயம். நம் நாட்டில் இந்த ஊசிக்கும் டிபிக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ளாமல் ஒரு டோஸ்கூடப் போடக்கூடாது. காரணம் இரண்டு.

ஒன்று, குடல் டிபியும் க்ரோன்ஸும் ஒரே இடத்தில், அதாவது சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் மூலையில், ஒரே மாதிரி புண்ணை உண்டாக்கும். வயிற்றுவலி, எடை குறைவு, காய்ச்சல், வயிற்றுப்போக்கு எல்லாமே பொது. கொலோனோஸ்கோப்பியில், அதாவது குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும்போது, எடுத்த சதையைப் பார்த்தும் பல நேரம் அடித்துச் சொல்ல முடியாது. சந்தேகம் தீராதபோது நம் மருத்துவர்கள் டிபி மாத்திரையைத் தொடங்கிவிட்டு, இரண்டு மாதம் கழித்து மறுபடி கொலோனோஸ்கோப்பி செய்து புண் ஆறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இது சரியான வழி. தவறு நடப்பது அந்த இரண்டாவது கொலோனோஸ்கோப்பியைத் தவிர்க்கும்போது. “வலி கொஞ்சம் பரவாயில்லை” என்று பிள்ளை சொன்னதை வைத்தே ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று டிபி மாத்திரை ஓடும். உள்ளே க்ரோன்ஸ் புண் தழும்பாகிக் குடலைச் சுருக்கிக்கொண்டிருக்கும். வலி குறைந்ததை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. புண் ஆறியதைக் கண்ணால் பார்ப்பதுதான் ஆதாரம்.

இரண்டாவது, நுரையீரலில் தூங்கிக்கொண்டிருக்கும் டிபி கிருமியைச் சுற்றி உடம்பு கட்டியிருக்கும் வேலியைக் காப்பதே டிஎன்எஃப்தான். அதை இந்த ஊசி அடக்கினால் வேலி தளர்ந்து கிருமி வெளியே வரும். அதனால் முதல் ஊசிக்கு முன் நெஞ்சு எக்ஸ்ரேயும், மான்டூ எனும் தோல் பரிசோதனை அல்லது இக்ரா எனும் ரத்தப் பரிசோதனையும் கட்டாயம். சந்தேகம் இருந்தால் நெஞ்சுக்கு சிடி ஸ்கேனும் எடுக்கச் சொல்வார்கள். ஒரு நுணுக்கம் கவனியுங்கள்: அதிக டோஸ் ஸ்டீராய்டு ஓடும்போது எடுக்கும் மான்டூ, கிருமி இருந்தும் இல்லை என்று காட்டலாம். முடிந்தால் ஸ்டீராய்டு தொடங்குவதற்கு முன்பே எடுத்து ஃபைலில் வைத்துவிடுவது நல்லது. தூங்கும் டிபி இருப்பது தெரிந்தால் தடுப்பு மாத்திரையைத் தொடங்கி, பொதுவாக ஒரு மாதமாவது போன பிறகுதான் ஊசியை ஆரம்பிப்பார்கள். அவசரப்பட்டு அந்த மாதத்தைச் சுருக்கச் சொல்லாதீர்கள். பரிசோதனை எல்லாம் சுத்தமாக வந்தாலும், ஊசி போடும் காலத்தில் புதிதாக டிபி தொற்றலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு என்றால் திரும்பவும் பார்க்க வேண்டும்.

டிபியோடு சேர்த்து ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எச்ஐவி பரிசோதனைகளும் நடக்கும். தடுப்பூசிக் கணக்கையும் இப்போதே முடித்துவிட வேண்டும். சின்னம்மை, தட்டம்மை தடுப்பூசிகளில் உயிருள்ள கிருமி இருப்பதால், ஊசி ஆரம்பித்த பின் அவற்றைப் போடக்கூடாது. தேவைப்பட்டால் நான்கு வாரம் முன்னதாகவே போட வேண்டும். ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி, ஹெபடைட்டிஸ் பி, எச்பிவி இவற்றை எப்போது வேண்டுமானாலும் போடலாம்.

எதற்கு இது வேலை செய்யும், எதற்குச் செய்யாது என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். அழற்சியை ஆற்றும். தழும்பாகி இறுகிவிட்ட குடலைத் திறக்காது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பி, முறுக்கி வலித்து, வாந்தியும் வந்து, காற்றும் பிரியவில்லை என்றால் அது அடைப்பு; அங்கே தேவை ஊசி அல்ல, அன்றைக்கே மருத்துவமனை. ஆசனவாய் அருகே வரும் பவுத்திரத்துக்கு இந்த மருந்து உதவும். ஆனால் உள்ளே சீழ் தேங்கியிருந்தால் முதலில் எம்ஆர்ஐ எடுத்து, சீழை வடித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். சீழை உள்ளே வைத்துக்கொண்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கினால் அது ரத்தத்தில் பரவும். இந்த வயதில் பவுத்திரத்துக்கு இரண்டு மூன்று முறை அறுவை செய்தும் திரும்பத் திரும்ப வருகிறதென்றால், க்ரோன்ஸ் இருக்கிறதா என்று குடலைப் பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். மூலம், பவுத்திரம் என்று வெட்கப்பட்டு மறைப்பதில்தான் பல பிள்ளைகளுக்கு வருடக்கணக்கில் நோய் தெரியாமல் போகிறது.

செலவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 கிலோவுக்கு மேல் எடையுள்ளவருக்கு வழக்கமான அளவு: முதல் நாள் 160 மி.கி., இரண்டு வாரம் கழித்து 80 மி.கி., நான்காவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 40 மி.கி. ஒரு சிரிஞ்சில் 40 மி.கி. என்றால் முதல் நாளுக்கு நாலு, அடுத்ததற்கு இரண்டு, பிறகு ஒவ்வொன்று. முதல் வருடத்துக்கு மொத்தம் 30 சிரிஞ்சு, அடுத்தடுத்த வருடங்களுக்கு 26. முதல் நாள் நாலு ஊசி அதிகமாகத் தெரிந்தால் இரண்டு இரண்டாக அடுத்தடுத்த நாட்களில் போடவும் அனுமதி உண்டு. பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு எடை 40 கிலோவுக்குக் கீழே என்றால் அளவு பாதியாகும். நோயால் இளைத்துப்போன பிள்ளைகளில் பலர் இந்த எல்லையில்தான் இருப்பார்கள், அதனால் ஊசி எழுதும் நாளில் எடை பார்க்கச் சொல்லுங்கள்.

அட்டையில் அச்சிட்ட எம்ஆர்பியைப் பார்த்து மயங்கி விழ வேண்டாம். பல பிராண்டுகள் அதைவிடக் கணிசமாகக் குறைவான விலைக்குக் கிடைக்கும். மருத்துவரின் உதவியாளரிடம் அந்த பிராண்டின் நோயாளி உதவித் திட்டம் இருக்கிறதா, தொடக்க டோஸுக்கு இலவச சிரிஞ்சு உண்டா என்று கேட்டுவிட்டு, 30 சிரிஞ்சுக்கும் சேர்த்து விலை பேசுங்கள். காப்பீட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஊசியாகப் போடும் மோனோகுளோனல் ஆன்டிபாடி சிகிச்சையை (அடலிமுமாபும் இந்த வகைதான்) நவீன சிகிச்சைகளின் பட்டியலில் சேர்த்து, பாலிசிகள் அதை ஒதுக்கக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் சொல்லியிருக்கிறது. ஆனால் கம்பெனிகள் அதற்கு உச்சவரம்பு வைக்கலாம். வீட்டில் போட்டுக்கொண்ட ஊசியை, ஆஸ்பத்திரியில் சேரவில்லை என்று காரணம் காட்டி நிராகரிப்பதும் நடக்கும். பாலிசித் தாளில் “நவீன சிகிச்சை”, “டே கேர்” (இரவு தங்காமல் அன்றே வீடு திரும்பும் சிகிச்சை) என்ற இரண்டு பகுதிகளையும் படித்துவிட்டு, டே கேரில் போட்டால் கிடைக்குமா என்று எழுத்தில் பதில் வாங்கிய பிறகு முடிவெடுங்கள். இந்த விஷயத்தில், ஆஸ்பத்திரிக்குப் போய்ப் போடும் இதே வகை மருந்தான இன்ஃப்ளிக்ஸிமாப் முந்திக்கொள்கிறது.

வாங்கும் இடம். இது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய புரதம். விலை நூறு ரூபாய் குறைவு என்பதற்காகக் கடை மாற்றுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: இரவு ஷட்டரை இறக்கும்போது ஃபிரிட்ஜுக்கு மின்சாரம் ஓடுகிறதா? கரண்ட் போனால் இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ இருக்கிறதா? ஃபிரிட்ஜின் வெப்பநிலையை எழுதி வைக்கிறீர்களா? நல்ல கடைக்காரர் கோபப்படாமல் பதில் சொல்வார். வீட்டுக்கு அனுப்பினால் தெர்மாகோல் பெட்டியைத் திறந்ததும் கையை வைத்துப் பாருங்கள். ஜெல் பேக் இன்னும் சில்லென்று இருக்க வேண்டும். அதே சமயம் கல்லாக உறைந்த பேக் மருந்து அட்டையை நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் அதுவும் ஆபத்து. நடுவில் துணியோ அட்டையோ இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள். பேட்ச் எண்ணை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கடைக்காரர் “எல்லாம் ஒண்ணுதான்” என்று பிராண்டை மாற்றித் தந்தால், மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

வீட்டு ஃபிரிட்ஜில் எந்தத் தட்டு என்பது பெரிய விஷயம். பல வீடுகளில் இருக்கும் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில், ஃப்ரீசருக்கு நேர் கீழே இருக்கும் சில்லர் தட்டில் தண்ணீர் பாட்டிலின் ஓரம் உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே வைத்தால் மருந்தும் உறையும். உறைந்தால் புரதம் திரண்டு கெட்டுவிடும். உருகி மறுபடி தெளிவாகத் தெரிந்தாலும் உபயோகமில்லை. கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் சூடேறும். நடுத்தட்டில், பின் சுவரைத் தொடாமல், அட்டைப்பெட்டியோடு வையுங்கள். வெளிச்சமும் அதற்கு ஆகாது. ஒரு தம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு அதே தட்டில் ஓர் இரவு வைத்து, காலையில் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். மழைக்காலத்தில் டயல் அப்படியே இருந்தாலும் உள்ளே குளிர் கூடும். டயலைக் குறைக்க வேண்டி வரும். கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் இருப்பதே சிறந்த வைத்தியம்.

ஹுமிராவை 25 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் 14 நாள் வரை ஃபிரிட்ஜுக்கு வெளியே வைக்கலாம் என்று அதன் தாளில் இருக்கிறது. மற்ற பிராண்டுகளுக்கு அந்தந்தத் தாளில் உள்ளபடிதான். எதுவானாலும் சென்னை, மதுரை அறை வெப்பத்தில் அந்தச் சலுகை நமக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீரில் நனைத்து ஆவியாதலால் குளிர வைக்கும் பைகளை வாங்கச் சொல்வார்கள். காற்றில் ஈரப்பதம் கூடிய கடலோர ஊர்களில் ஆவியாவது குறைவு, அதனால் குளிர்ச்சியும் குறைவு. பயணத்துக்குச் சின்ன தெர்மாகோல் பெட்டியும், துண்டில் சுற்றிய இரண்டு ஜெல் பேக்கும் போதும். விமானத்தில் மருத்துவர் கடிதத்தோடு கைப்பையிலேயே வையுங்கள். லக்கேஜில் போட்டால் உறைந்துபோகும் வாய்ப்பு உண்டு.

விடுதியில் தங்கிப் படிப்பவர்களுக்கு எங்கள் ஆலோசனை நேரடியானது: மெஸ் ஃபிரிட்ஜை நம்பாதீர்கள். நாள் முழுக்கத் திறந்து மூடும் பெட்டி அது. கல்லூரி மருத்துவ அறையில் தடுப்பூசி வைக்கும் ஃபிரிட்ஜ் இருந்தால் அங்கே வைக்கக் கேளுங்கள். இல்லையென்றால் சிரிஞ்சுகள் வீட்டில் இருக்கட்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை ஊருக்கு வந்து போட்டுக்கொண்டு போகலாம். பரீட்சை அட்டவணையால் ஒரு ஊசி தள்ளிப்போனால், நினைவு வந்த அன்றே போட்டுவிட்டு அடுத்ததைப் பழைய தேதியிலேயே தொடரலாம். விட்டதற்கு ஈடாக இரண்டு சேர்த்துப் போடக்கூடாது.

ஊசி போடும் விதம். அரை மணி நேரம் முன்னால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து மேஜைமேல் வையுங்கள். குளிரோடு போட்டால் எரிச்சல் கூடும். வெந்நீரிலோ வெயிலிலோ வைத்துச் சூடாக்காதீர்கள், குலுக்காதீர்கள். திரவம் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கலோ துகளோ தெரிந்தால் போடாதீர்கள். இடம்: தொடையின் முன்பக்கம், அல்லது தொப்புளைச் சுற்றி மூன்று விரல் அகலம் விட்டு வயிறு. போன முறை போட்ட இடத்திலிருந்து ஓர் அங்குலமாவது தள்ளி, தழும்பும் சிவப்பும் இல்லாத தோலில். ஸ்பிரிட்டால் துடைத்து, அது முழுக்கக் காயும்வரை காத்திருங்கள். ஈரத்தோடு குத்தினால் அந்த எரிச்சலை மருந்தின் எரிச்சல் என்று நினைத்துவிடுவார்கள். சிரிஞ்சு என்றால் தோலைக் கிள்ளித் தூக்கி 45 டிகிரிச் சாய்வில் ஊசியைச் செலுத்தி, மெதுவாகப் பத்து எண்ணுவதற்குள் தள்ளி முடியுங்கள். எடுத்த பின் பஞ்சால் அழுத்தினால் போதும், தேய்க்க வேண்டாம். ஒரு சொட்டு வெளியே நின்றால் பரவாயில்லை. தொடை நனையும் அளவுக்கு வழிந்தால் மருந்து உள்ளே போகவில்லை. நீங்களாக இன்னொன்று போடாமல் மருத்துவமனையைக் கேளுங்கள்.

பேனாவா, சிரிஞ்சா? பேனா என்பது இதே மருந்து பேனா வடிவக் கருவியில் வருவது; அதில் ஊசி கண்ணில் படாது. தோல்மேல் நேராக அழுத்தி பட்டனைத் தட்டினால் போதும். அதில் நடக்கும் ஒரே பெரிய தவறு, சத்தம் கேட்டதும் முடிந்துவிட்டது என்று எடுத்துவிடுவது. அந்தச் சத்தம் தொடக்கத்துக்கானது. ஜன்னலில் நிறம் முழுக்க வந்து நிற்கும்வரை, பத்து பதினைந்து வினாடி, அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். ஊசி பயம் இல்லாதவருக்கு எங்கள் வாக்கு சிரிஞ்சுக்குத்தான்: வேகம் உங்கள் கையில் இருக்கும், எரிந்தால் நிதானிக்கலாம். எரிச்சல் அதிகம் என்றால், அட்டையில் சேர்மானங்களைப் பாருங்கள். சிட்ரேட் சேர்ந்தவை கூடுதலாக எரியும், சிட்ரேட் இல்லாத வகை கிடைக்கிறதா என்று கேட்கலாம். சில பிராண்டுகளின் ஊசி மூடியில் லேடெக்ஸ் இருக்கும். ரப்பர் அலர்ஜி உள்ளவர்கள் இதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போட்ட ஊசியைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடாதீர்கள். மூடியை மறுபடி மாட்ட முயலாமல், கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, நிறைந்ததும் மருத்துவமனையில் கொடுங்கள். பையைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரலில் அது குத்தக்கூடாது.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலோ, ஆன்டிபயாட்டிக் ஓடிக்கொண்டிருந்தாலோ அன்றைய ஊசியை நிறுத்திவைத்து மருத்துவரிடம் பேசுங்கள். ஊசி போட்ட இடத்தில் சில நாள் சிவந்து அரிப்பது சகஜம். தலையிலோ உள்ளங்கையிலோ செதில் செதிலாக வந்தால் அது மருந்தாலும் வரலாம், காட்டுங்கள். தலைவலிக்கு பாராசிட்டமால் போதும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் குடல் புண்ணைக் கிளறிவிடக்கூடியவை. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசதியோப்ரின் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தால், இளம் ஆண்களுக்கு மிக அரிதாக வரும் ஒரு வகை லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்) பற்றி மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசி, எவ்வளவு காலம் இரண்டும் சேர்ந்து ஓடும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்ஃப்ளிக்ஸிமாப் இதன் அண்ணன் மாதிரி. அது நரம்பு வழியாக, 0, 2, 6 வாரங்களிலும் பின் எட்டு வாரத்துக்கு ஒருமுறையும், கிலோவுக்கு 5 மி.கி. வீதம் ஏறும். பவுத்திரம் கடுமையாக இருந்தால் பல மருத்துவர்கள் முதலில் அதைத்தான் எடுப்பார்கள். அது சரியான தேர்வே. ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரியில் அரை நாள் போகும். 100 மி.கி. குப்பியில் வருவதால், 50 கிலோ எடைக்கு 250 மி.கி. தேவையென்றாலும் மூன்று குப்பி வாங்க வேண்டும். டிபி பயம் அதிகமுள்ளவர்களுக்கு, பெரும்பாலும் குடலோடு நின்றுவிடும் வெடோலிசுமாப் பற்றிக் கேட்கலாம். ஆனால் அது வேலை செய்யத் தொடங்க நாளாகும்.

அடலிமுமாப் பலன் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தெரிய ஆரம்பிக்கும். தீர்ப்பு சொல்ல 12 முதல் 14 வாரம் வேண்டும். அப்போதும் பிள்ளையின் முகத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாமல், மலத்தில் கால்ப்ரொடெக்டின் எனும், குடல் அழற்சியைக் காட்டும் புரதத்தின் அளவைப் பாருங்கள்: 50க்குக் கீழே வந்தால் குடல் அமைதி, 250க்கு மேல் நின்றால் உள்ளே இன்னும் எரிகிறது. முதல் ஊசிக்கு முன்பே ஒன்று எடுத்து வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும்.

நன்றாக இருந்துவிட்டு, ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து ஊசிக்கு முந்தைய நாலைந்து நாளில் மட்டும் வயிறு மறுபடி தகராறு செய்தால், மருந்து அடுத்த டோஸ் வரை தாங்கவில்லை என்று அர்த்தமாகலாம். உடனே வேறு மருந்துக்குத் தாவாமல், ரத்தத்தில் மருந்தின் அளவையும், அதற்கு எதிராக உடம்பு உருவாக்கும் ஆன்டிபாடியையும் பார்க்கச் சொல்லுங்கள். அளவு குறைவு, ஆன்டிபாடி இல்லை என்றால் வாரம் ஒன்றாக்கியே சரிசெய்ய முடியும். ஆன்டிபாடி நிறைய என்றால் எத்தனை சிரிஞ்சு போட்டாலும் பணம்தான் போகும், மருந்தை மாற்ற வேண்டும். அளவு போதிய அளவு இருந்தும் கால்ப்ரொடெக்டின் இறங்கவில்லை என்றால் டிஎன்எஃப் வழியை விட்டு வேறு வகை மருந்துக்குப் போக வேண்டும். இந்த ரத்தத்தை ஊசி போட வேண்டிய நாளன்று காலையில், ஊசிக்கு முன்னால் எடுக்க வேண்டும். கடைசி ஊசி எந்தத் தேதியில் போட்டது என்பதை லேப் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.